காமா நதிக்கரையின் பயிற்சியாளர்

1972 மியூனிக் ஒலிம்பிக் கூடைப்பந்து இறுதி ஆட்டம் என்றாலே எல்லோருக்கும் கடைசி மூன்று விநாடிகள்தான் ஞாபகம் வரும். அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத் தோதாக இரவு 11.45க்குத் தொடங்கிய ஆட்டம் அது. செப்டம்பர் 9இல் தொடங்கி 10ஆம் தேதி அதிகாலையில் முடிந்தது. ஒலிம்பிக்கில் அதுவரை 63 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத அமெரிக்கா, டக் காலின்ஸ் போட்ட இரண்டு ஃப்ரீ த்ரோக்களால் 50-49 என்று முந்தியபோது மிச்சமிருந்தது மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியை மூன்று முறை ஆடினார்கள். கடிகாரத்தைத் திருப்பி வைப்பதில் குழப்பம், நடுவர் மேசையில் வாக்குவாதம். நடுவில் ஒருமுறை அமெரிக்கர்கள் ஜெயித்துவிட்டதாகக் கட்டிப்பிடித்துக் கொண்டாடவே ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் இவான் யெதேஷ்கோ கோர்ட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வீசிய பந்தைப் பிடித்து அலெக்சாந்தர் பெலோவ் கூடையில் போட்டார். சோவியத் ஒன்றியம் 51, அமெரிக்கா 50. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்துவிட்டார்கள்.

அந்த 51 புள்ளிகளில் 20 புள்ளிகளை எடுத்தவர் இன்னொரு பெலோவ். செர்கேய் பெலோவ். இருவருக்கும் உறவு எதுவும் கிடையாது. கடைசிக் கூடை அலெக்சாந்தருடையது என்பதால் புகைப்படமும் புகழும் அவர் பக்கம் போயின. பாவம், அவர் 1978இல் 26 வயதிலேயே இதயப் புற்றுநோயால் இறந்துபோனார். செர்கேய் 69 வயதுவரை இருந்தார். பதினோரு சோவியத் லீக் பட்டங்களும் இரண்டு உலகக் கோப்பைகளும் நான்கு ஒலிம்பிக் பதக்கங்களும் வாங்கிய பிறகு அவர் பயிற்சியாளர் ஆனார். பயணக் கட்டுரைக்கு என்னை இழுத்தது அந்த இரண்டாவது வாழ்க்கைதான். அதைப் பார்க்க மாஸ்கோவில் நின்றால் போதாது. ரயிலேறிக் கிழக்கே 1,400 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனாலும் மாஸ்கோவில் இருந்து தொடங்குவதுதான் முறை.

ரஷ்யா போகிற தமிழர்களுக்கு முதலில் ஒன்று: நம் வங்கி அட்டைகள் அங்கே பெரும்பாலும் செல்லாது. 2022க்குப் பிறகு விசாவும் மாஸ்டர்கார்டும் வெளிநாட்டு அட்டைகளை அங்கே ஏற்பதில்லை. கையில் ரொக்கம் வேண்டும். மெட்ரோவில் மட்டும் எந்தச் சிரமமும் இல்லை. ஹொதின்கா பகுதியில், பெலோவ் ஆடிய கிளப்பின் பெயரையே தாங்கிய 'சிஎஸ்கேஏ' நிலையத்தில் இறங்கினால் நடைமேடையிலேயே விளையாட்டு வீரர்களின் சிலைகள் நிற்கின்றன. அவர்களில் பந்தோடு நிற்கும் கூடைப்பந்து வீரரும் ஒருவர். அங்கிருந்து லெனின்கிராத்ஸ்கி அவென்யூவுக்கு நடந்து போனேன். இந்தப் பக்கம் நிற்பவருக்கு அந்தப் பக்கம் நிற்பது யார் என்று தெரியாத அளவுக்கு அகலமான சாலை. அதன் ஓரத்தில் 1980 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய சிஎஸ்கேஏ விளையாட்டு வளாகம். கூடைப்பந்து அரங்கத்துக்கு அலெக்சாந்தர் கோமெல்ஸ்கியின் பெயர். பெலோவுக்கும் அவருக்கு முன்பின் வந்த பல தலைமுறைகளுக்கும் பயிற்சியாளராக இருந்தவர் கோமெல்ஸ்கி.

சிஎஸ்கேஏ என்பது ராணுவத்தின் கிளப். கட்டாய ராணுவ சேவை உள்ள நாட்டில் இதன் பொருள் என்ன என்று விளங்கிக்கொள்வது அவசியம். எந்த ஊரில் எந்தப் பையன் நன்றாக ஆடினாலும், சேவைக்கான வயது வந்ததும் அவனைச் சீருடை மாட்டி மாஸ்கோவுக்கு வரவழைக்க வழி இருந்தது. மற்ற கிளப்புகள் வளர்க்கும். சிஎஸ்கேஏ அறுவடை செய்யும். சோவியத் லீக்கில் அவர்கள் ஆண்டுக்காண்டு கோப்பையைத் தூக்கியதில் திறமைக்கு எவ்வளவு பங்கோ, இந்த ஏற்பாட்டுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. பெலோவும் வெளியூரிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்தான். சைபீரியாவின் தோம்ஸ்க் மாகாணத்தில் நஷ்ச்யோகவோ என்ற கிராமத்தில் 1944 ஜனவரி 23இல் பிறந்து, யூரல் மலைப் பகுதியின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத்தில் மூன்று ஆண்டுகள் ஆடி, அதன்பின் ராணுவக் கிளப்புக்கு வந்தார். 1980 வரை இங்கேதான்.

உயரம் 190 சென்டிமீட்டர். நம் ஊரில் அண்ணாந்து பார்ப்போம். கூடைப்பந்தில் அது நடுத்தரம்கூட இல்லை. வேகமாக ஓடிவந்து சட்டென்று நின்று, எதிராளி கையைத் தூக்குவதற்குள் எம்பிப் பந்தை விட்டுவிடுவார். அந்த ஜம்ப் ஷாட்டுக்காகவே அவருடைய பழைய ஒளிப்பதிவுகளைப் பயிற்சியாளர்கள் இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள். முதுகில் எண் 10. ஆட்டத்தில் எது நடந்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. பேச்சும் குறைவு. 1991இல் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு தன் வரலாற்றின் தலைசிறந்த ஆட்டக்காரராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தது.

லுஷ்னிகி ஸ்டேடியத்துக்கும் போனேன். முன்னால் லெனின் சிலை அப்படியே இருக்கிறது. 2018 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக உள்ளே எல்லாவற்றையும் இடித்துக் கட்டினார்கள். வெளிச்சுவரை மட்டும் விட்டுவைத்தார்கள். 1980 ஜூலை 19 அன்று இங்கேதான் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றினார் பெலோவ். ஸ்டேடியத்துக்குள் தீபத்தைக் கொண்டுவந்தவர் மும்முறைத் தாண்டுதல் வீரர் விக்தர் சனேயெவ். அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு பெலோவ் ஓடிய பாதைதான் விசேஷம். பார்வையாளர் வரிசையில் இருந்தவர்கள் பலகைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, அந்தப் பலகைகள் சேர்ந்து ஒரு சரிவுப் பாதையாயின. மனிதர்கள் தாங்கிய அந்தப் பாதையில் ஓடி உச்சிக்குப் போனார் அவர். அப்போது அவருக்கு வயது 36.

அந்த ஒலிம்பிக்கில் நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்து அமெரிக்காவும் பல நாடுகளும் வராததால் காலியான இடங்களில் ஒன்று இந்திய ஆண்கள் கூடைப்பந்து அணிக்குக் கிடைத்தது. இந்தியா ஒலிம்பிக் கூடைப்பந்தில் ஆடியது அந்த ஒரு முறைதான். சோவியத் அணியிடம் 65-121 என்று தோற்றோம். சொந்த மண்ணில் தங்கம் தங்களுக்குத்தான் என்று நம்பியிருந்த சோவியத் அணியும் கடைசியில் வெண்கலத்தோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. அதோடு பெலோவ் ஆட்டத்தை நிறுத்தினார்.

மாஸ்கோவில் கடைசியாகப் பார்த்தது வகான்கோவோ கல்லறைத் தோட்டம். 'உலித்சா 1905 கோதா' மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். வாசலில் பூ விற்கும் பெண்கள். ரஷ்யர்கள் கல்லறைக்கு வைக்கும் பூக்களை இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் வாங்குவார்கள். பாடகர் விசோத்ஸ்கியின் கல்லறையைச் சுற்றி எப்போதும் கூட்டம். கவிஞர் யெசெனினும் கோல்கீப்பர் லெவ் யாஷினும் இங்கேதான் இருக்கிறார்கள். கோமெல்ஸ்கியும் இங்கே; பெலோவும் இங்கே. ஆடிய காலத்தில் ஆசிரியரும் மாணவரும் எப்போதும் ஒத்துப்போனவர்கள் என்று சொல்ல முடியாது. தோட்டம் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

பெர்ம் போகும் ரயில் யாரோஸ்லாவ்ஸ்கி நிலையத்திலிருந்து கிளம்புகிறது. சைபீரிய நெடும்பாதையின் கிலோமீட்டர் கணக்கு தொடங்குவதும் இங்கேதான். நான்கு படுக்கை கொண்ட கூபே பெட்டி. பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர் அம்மா. டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் இரண்டு முறை பார்த்துவிட்டு, தேநீர் வேண்டுமா என்று கேட்டார். தேநீரைக் கண்ணாடி டம்ளரில்தான் தருகிறார்கள். அந்த டம்ளர் கைப்பிடி வைத்த உலோகக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். ரயில் குலுங்கும்போது டம்ளருக்குள் கரண்டி கிணுகிணுவென்று அடித்துக்கொண்டே வரும். நடைபாதைக் கோடியில் கொதிநீர்க் கொப்பரை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம்.

எதிர்ப் படுக்கையில் பெர்ம்காரர் ஒருவர். மொத்தவிலிகா ஆயுதத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் ஆங்கிலம், மீதிக்குக் கைபேசி மொழிபெயர்ப்பு என்று பேசிக்கொண்டோம். எதற்குப் பெர்ம் போகிறீர்கள் என்று கேட்டார். பெலோவ் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாஸ்கோவில் அவரை 1972க்காக மதிக்கிறார்கள். எங்களுக்கு அவர் எங்கள் ஊருக்கு வந்து இருந்தவர்" என்றார். அதன்பிறகு வெள்ளரிக்காய் ஊறுகாயையும் கறுப்பு ரொட்டியையும் என் பக்கம் தள்ளிவைத்தார்.

பயிற்சியாளர் பெலோவின் கதை உண்மையில் அவர் ஆடிக்கொண்டிருந்தபோதே தொடங்கிவிட்டது. 1971இல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரத்தில். எதிரணி இத்தாலியின் இக்னிஸ் வரேசே. அந்தப் பயணத்துக்குக் கோமெல்ஸ்கியால் அணியோடு போக முடியவில்லை. 27 வயது பெலோவ் ஆட்டக்காரராகவும் அணியை நடத்துபவராகவும் இரட்டை வேலை பார்த்தார். சிஎஸ்கேஏ 67-53 என்று வென்றது. அதில் 24 புள்ளிகள் அவருடையவை. இந்தச் சேதியைப் பெர்ம்காரர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது எல்லாம் பெர்மில் நடந்தவை.

1981இல் சிஎஸ்கேஏவின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 1982இல் லீக் பட்டம். அடுத்து வந்தது வனவாசம். வெளிநாடு போக அனுமதி இல்லாதவர்கள் என்று அந்த நாட்டில் ஒரு சாதி இருந்தது. காரணம் சொல்ல மாட்டார்கள். எழுத்தில் எதுவும் தர மாட்டார்கள். விமானம் ஏறும் பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு உலகமே பார்க்க ஒலிம்பிக் தீபம் ஏற்றியவருக்கு அந்தக் கதி. ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புக்கு வெளிநாடு போக முடியாத பயிற்சியாளரால் என்ன பயன்? பதவி போயிற்று. ஒரு பயிற்சியாளரின் நல்ல வயது என்று சொல்லும் 38 முதல் 44 வரை அப்படியே கழிந்தது. கோர்பசேவ் காலத்தில் கெடுபிடி தளர்ந்தபின், 1988இல்தான் மறுபடி சிஎஸ்கேஏ அவரை அழைத்தது.

1990இல் இத்தாலிக்குப் போனார். ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவே, குன்றின்மேல் பழைய மடாலயம் உள்ள கஸ்ஸினோ என்ற சிறு நகரம். இரண்டாம் உலகப் போரில் அந்த மடாலயத்துக்காக நடந்த சண்டையால்தான் உலகத்துக்கு அந்தப் பெயர் தெரியும். கூடைப்பந்தில் அது ஒரு பொருட்டே இல்லை. அங்கே சின்ன கிளப்புக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் 1992இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. கூடைப்பந்தை நெய்ஸ்மித் 1891இல் கண்டுபிடித்த ஊர் அது. அமெரிக்கரல்லாத ஓர் அயல்நாட்டு ஆட்டக்காரருக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது அதுவே முதல்முறை.

1993இல் ரஷ்யாவுக்குத் திரும்பி, ரஷ்யக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகவும் தேசிய அணியின் பயிற்சியாளராகவும் பொறுப்பேற்றார். கைக்குக் கிடைத்தது உடைந்த வீடு. 1988 சியோலில் சோவியத் அணி தங்கம் வென்றபோது அதன் முதுகெலும்பு சபோனிஸ், மார்சியுலியோனிஸ் போன்ற லித்துவேனியர்கள். அவர்கள் இப்போது தனி நாடு. கையில் காசில்லாத கூட்டமைப்பு, வெளிநாட்டுக் கிளப்புகளில் சிதறிக் கிடந்த வீரர்கள். இவர்களை வைத்து 1994 டொராண்டோ உலகப் போட்டியில் வெள்ளி. இறுதி ஆட்டத்தில் அமெரிக்க என்பிஏ நட்சத்திரங்களிடம் 91-137 என்று அடிவாங்கினார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1997 ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம். 1998 ஏதென்ஸ் உலகப் போட்டி அரையிறுதியில், என்பிஏ கதவடைப்புத் தகராறால் பெரிய பெயர்கள் இல்லாமல் வந்த அமெரிக்காவை 66-64 என்று வென்றார்கள். செர்கேய் பனோவ் கடைசி நேரத்தில் போட்ட கூடை. இறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 62-64. இரண்டு புள்ளியில் தங்கம் போயிற்று. அந்த இரண்டு வெள்ளிக்குப் பிறகு ரஷ்யா இன்றுவரை உலகப் போட்டியில் ஒரு பதக்கமும் வாங்கவில்லை.

கீரோவ் தாண்டி இரவு முழுக்கக் காடு. விடிந்து கொஞ்ச நேரத்தில் ரயில் காமா நதியின் நீளப் பாலத்தில் ஏறியது. வோல்காவில் கலக்கிற துணை நதி என்று பள்ளிப் புத்தகம் சொல்லும்; பாலத்தின் மேலிருந்து பார்த்தால் யார் யாருக்குத் துணை என்று சந்தேகம் வரும் அளவுக்கு அகலம். பாலம் முடிந்ததும் பெர்ம்.

பெர்ம், பீரங்கி செய்த ஊர். அதனால் சோவியத் காலத்தில் வெளிநாட்டவர் வர முடியாத மூடிய நகரமாக இருந்தது. இப்போது இங்கே இந்திய மாணவர்கள் மருத்துவம் படிக்கிறார்கள். மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர், ஐந்தாம் ஆண்டு மாணவர், எனக்குத் துணைக்கு வந்தார். முதலில் கூட்டிப்போனது ஒரு வெண்கலச் சிலைக்கு. கேமராவோடு நிற்கும் புகைப்படக்காரர். எதிரே பெரிய காதுகள் வைத்த ஒரு வளையம். அதற்குள் தலையை நுழைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். உப்பு மூட்டையைத் தோளில் சுமந்து சுமந்து காது சிவந்து வீங்கிய தொழிலாளிகளின் நினைவாக, பெர்ம்காரர்களுக்கு 'உப்புக் காது' என்று பட்டப்பெயர். "அண்ணே, நீங்களும் தலைய விடுங்க, இல்லன்னா பெர்முக்கு வந்ததாவே ஒத்துக்க மாட்டாங்க" என்றார் தம்பி. விட்டேன்.

மதியம் பொசிகுஞ்சிகி சாப்பிட்டோம். விரல் நீளத்துக்கு, கறி உள்ளே வைத்துப் பொரித்த இந்த ஊர்ப் பலகாரம். கடித்ததும் சாறு பீய்ச்சும். அதனால் தட்டின் மேல் குனிந்து கடிக்க வேண்டும் என்று பரிமாறிய பெண் முதலிலேயே எச்சரித்தார். கடுகும் காடியும் கலந்த தொட்டுக்கொள்ளும் சாறு உடன் வரும்.

பெலோவ் 1999இல் இங்கே வந்தார். 1995இல் செர்கேய் குஷ்சென்கோ என்பவர் முன்னின்று தொடங்கிய யூரல்-கிரேட் கிளப்பின் பயிற்சியாளராக. அப்போது ரஷ்ய லீக் என்றால் சிஎஸ்கேஏ. 1992 முதல் 2000 வரை தொடர்ந்து ஒன்பது பட்டம். சுவாரசியம் என்னவென்றால், அந்தப் பட்டங்களைச் சேர்த்துக் கொடுத்த பயிற்சியாளர் ஸ்தனிஸ்லாவ் யெரேமின், பெலோவோடு தேசிய அணியில் ஆடியவர். அந்த ஒன்பதாண்டுச் சங்கிலியை 2001இல் பெர்ம் அறுத்தது. சோவியத் உடைந்தபிறகு கோப்பை ராணுவக் கிளப்பை விட்டு வெளியே போனது அதுவே முதல்முறை. அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடக் கூடாதே என்பதுபோல 2002இலும் பெர்மே வென்றது. ஐரோப்பாவின் பெரிய தொடரான யூரோலீக்கிலும் இடம் கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை வெளிநாட்டவர் காலடி வைக்க முடியாத ஊருக்கு ஐரோப்பியக் கிளப்புகள் விமானத்தில் வந்து இறங்கின.

மொத்தவிலிகா பகுதியில் உள்ள 'மோலோத்' அரங்கத்துக்கு மாலை ஆட்டம் பார்க்கப் போனோம். டிக்கெட்டைத் தம்பி தன் ரஷ்ய அட்டையில் எடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் அழகென்று எதுவுமில்லாத சோவியத் கட்டடம். உள்ளே மேல்கோட்டைக் கழற்றிக் கொடுக்கும் இடத்தில் வரிசை. எண் பொறித்த வில்லையைக் கொடுத்தார்கள். ஆடியது இப்போதைய உள்ளூர் கிளப்பான பார்மா. எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு தாத்தா, கழுத்தில் யூரல்-கிரேட் பெயர் நெய்த பழைய மப்ளர். கிளப்பே இல்லாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. மப்ளரின் ஓரங்கள் நூல் பிரிந்திருந்தன. ஆட்டத்தைவிட அதிகமாக அவர் கவனித்தது பெஞ்சை. டைம் அவுட் விட்டதும் பயிற்சியாளர் மண்டியிட்டு, சிறு பலகையில் மார்க்கரால் கோடு போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற வீரர்கள் வியர்வை சொட்டக் குனிந்து பார்த்தார்கள். தாத்தா என்னைத் தட்டி, தம்பியிடம் ஏதோ சொன்னார்.

"பெலோவ் டைம் அவுட்ல இவ்வளவு பேச மாட்டாராம் அண்ணே. ரெண்டு வார்த்தை சொல்லுவாராம். அதுவும் காலைல பயிற்சியில சொன்னதத்தான் சொல்லுவாராம்" என்று தம்பி மொழிபெயர்த்தார்.

தாத்தா விரல் விட்டு எண்ணிக்காட்டிய அடுத்த சேதி வேறு. கோப்பை ஜெயித்த 2002இலேயே குஷ்சென்கோவை சிஎஸ்கேஏ தன் நிர்வாகத்துக்கு அழைத்துக்கொண்டது. அவர் காலத்தில் சிஎஸ்கேஏ 2006இலும் 2008இலும் யூரோலீக்கை வென்றது. ஆள் எடுக்கும் பழைய பழக்கம். முன்பு ராணுவ உத்தரவு, இப்போது சம்பளம். பெலோவ் போகவில்லை. பயிற்சியாளராகவும் பின்னர் கிளப்பின் தலைவராகவும் பெர்மிலேயே இருந்தார். 2006இல் ஃபீபா யூரோகப் சேலஞ்ச் கோப்பையும் இந்த ஊருக்கு வந்தது. ஆனால் மாகாணக் கிளப் என்பது உள்ளூர்ப் பணக்காரர்களையும் ஆளுநர் அலுவலகத்தையும் நம்பி நிற்பது. பணம் வற்றியது, கடன் ஏறியது, 2008இல் யூரல்-கிரேட் கலைக்கப்பட்டது. இரண்டு முறை நாட்டின் சாம்பியனான கிளப் பதின்மூன்று ஆண்டுகள்தான் உயிரோடு இருந்தது.

அதன்பிறகும் பெலோவுக்கும் பெர்முக்குமான உறவு அறவில்லை. 2012இல் பார்மா தொடங்கியது. 2013 அக்டோபர் 3 அன்று பெர்மில்தான் அவர் காலமானார். பார்மா பின்னர் ரஷ்யக் கோப்பையை இருமுறை வென்று, நாட்டின் முதல்நிலை லீக்கில் நிலைத்துவிட்டது. அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளை வைத்து எடுத்த படம் 2017 டிசம்பர் இறுதியில் வெளிவந்தது. வெளிநாடுகளில் 'த்ரீ செகண்ட்ஸ்' என்ற பெயரில் போனது. அதுவரை வந்த ரஷ்யப் படங்களிலேயே அதிக வசூல். படமும் மியூனிக்கைப் பற்றித்தான். பெர்ம் அதில் இல்லை.

பெர்மிலிருந்து எகாதெரின்பூர்க் பகல்நேர ரயிலில் ஆறு மணி நேரப் பயணம். குங்கூர் தாண்டியதும் மேடு பள்ளங்கள் கூடுகின்றன. யூரல் மலை என்றதும் இமயத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஊசியிலைக் காடு போர்த்திய குன்றுகள், அவ்வளவுதான். மாஸ்கோவிலிருந்து 1,777ஆவது கிலோமீட்டரில் தண்டவாளத்தை ஒட்டி வெள்ளை எல்லைத் தூண் ஒன்று வருகிறது. ஒரு பக்கம் ஐரோப்பா, மறுபக்கம் ஆசியா. படம் எடுக்கக் கைபேசியைத் தூக்குவதற்குள் போய்விடும்.

பெலோவ் வந்தபோது ஸ்வெர்த்லோவ்ஸ்க் என்று பெயர் கொண்டிருந்த இந்த நகரத்தின் வடக்கே உரல்மாஷ் பகுதி. 1933இல் திறந்த கனரக இயந்திரத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர். தொழிற்சாலைகளுக்கு வேண்டிய இயந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலை. அதே பெயரில் ஒரு மெட்ரோ நிலையம். இறங்கி நடந்தால், கப்பல் மாதிரி ஒரு வெள்ளை நீர்த்தொட்டிக் கோபுரம், தொழிலாளர் குடியிருப்புகள், அவற்றின் முற்றத்தில் கம்பி வலை அடித்த கோர்ட்டுகள். இந்தத் தொழிற்சாலைக் கிளப்பின் பயிற்சியாளர் அலெக்சாந்தர் கந்தேல் 1964இல் இருபது வயது பெலோவைக் கூட்டிவந்தார். இங்கே ஆடிக்கொண்டிருந்தபோதே 1967இல் உருகுவேயில் நடந்த உலகப் போட்டியில் சோவியத் அணிக்காகத் தங்கம் வென்றார். யெரேமின் வந்ததும் இந்தக் கிளப்பிலிருந்துதான். தேசிய அணியில் ஆடிப் பின்னர் பயிற்சியாளரான அனதோலி மிஷ்கினும் இங்கிருந்துதான். கந்தேல் வளர்த்தவர்களை எல்லாம் மாஸ்கோ எடுத்துக்கொண்டது. அவர் மறுபடி புதிய பையன்களைத் தேடினார்.

இதைப் பார்த்த பிறகுதான் பெலோவ் பெர்முக்குப் போனதன் அர்த்தம் விளங்குகிறது. எடுக்கும் பக்கத்தில் பதின்மூன்று ஆண்டுகள் இருந்து எல்லாப் பட்டங்களையும் வாங்கியவர், 55 வயதில் கொடுக்கும் பக்கத்துக்கு வந்து நின்றார். யூரல்-கிரேட் நிலைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இன்று ரஷ்யாவின் முதல்நிலை லீக்கில் பெர்மின் பார்மாவும் எகாதெரின்பூர்க்கின் உரல்மாஷும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடுகின்றன. யூரலில் பிறந்த பையன் கூடைப்பந்து ஆட மாஸ்கோ போயே ஆக வேண்டும் என்ற நிலை மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தின் முதல் சாட்சி 2001ஆம் ஆண்டுக் கோப்பை.

ஆட்டக்காரர் பெலோவ் வாங்கிய பதினோரு லீக் பட்டங்களை, ராணுவக் கிளப்பில் இருந்தால் யார்தான் வாங்க மாட்டார்கள் என்று ஒருவர் தள்ளிவிடலாம். பயிற்சியாளர் பெலோவ் அதே கிளப்பின் ஆட்சியைப் பீரங்கித் தொழிற்சாலை ஊரிலிருந்து முடித்துவைத்த பிறகு அப்படித் தள்ள வழியில்லை. மியூனிக்கின் மூன்று விநாடிகளை யார் வேண்டுமானாலும் யூடியூபில் பார்க்கலாம். பெலோவ் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெர்முக்கு ஒரு டிக்கெட் எடுங்கள், ரொக்கத்தை மறக்காதீர்கள்.